ஏத்திப் போட்ட கண்டென்சர்

அன்று காலையில் எத்தனையாவது முறையாகவோ சைரன் அலறியபோது, சாந்தாமணி கையிலிருந்த தோசைக் கரண்டியை மேடைமேல் டங்கென்று போட்டார்.

"அம்மணி, அந்தச் சனியனை நிறுத்திப்போட்டு வா. இல்லீனா நான் போயி வயரைப் புடுங்கி வீசிப்போடுவேன். காதுக்குள்ளயே கத்தறாப்பல இருக்குது."

"நிறுத்தக் கூடாதுங்கத்தை. உங்க மகன் வந்து என்னையத்தான் திட்டுவாங்க."

"அவன்? உன்னைய? திட்டுவான்? திட்டுனா என்னையக் கூப்புடு, நானும் வந்து அதிசயத்தைப் பாத்துக்கறேன்."

பிரவீனா சிரித்துக்கொண்டே ஹாலுக்குப் போய், சுவரில் மாட்டியிருந்த பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். சத்தம் நின்றது. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். தென்னைகளுக்கு அப்பால் கோழி ஷெட்டின் பெரிய ஃபேன்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. கரண்ட் போகவில்லை. ஒரு நொடி மினுங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

சூலூரிலிருந்து பல்லடம் போகும் பக்கம், ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருந்தது அவர்கள் தோட்டம். அதில் நாலு பக்கமும் மூடிய கறிக்கோழி ஷெட். ஒரு கோடியில் காற்றைக் குளிர்விக்கும் ஈரத் தட்டிகள், மறு கோடியில் காற்றை இழுக்கும் ஃபேன்கள். சித்திரை வெயிலில் ஃபேன் நின்றுவிட்டால், வளர்ந்த கோழிகள் கால் மணி நேரம்கூடத் தாங்காது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்ததால் கரண்ட் போவதே உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் பிரவீனாவின் கணவன் சுரேந்தர் தன் கையாலேயே அந்த அலாரப் பெட்டியைச் செய்து மாட்டியிருந்தான். ஷெட்டுக்குக் கரண்ட் நின்றால் பெட்டி ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்க்கும். அதற்குள் கரண்ட் திரும்பினால் பேசாமல் இருக்கும். திரும்பாவிட்டால் அலறும். உடனே யாராவது ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட வேண்டும். அன்று விடிந்ததிலிருந்து அந்தப் பெட்டிக்குப் பொறுமை போய்விட்டது. லைன் லேசாக மினுங்கினாலே கத்தியது.

மாமியார் சொன்னதைச் செய்துவிடக் கூடியவர் என்பது பிரவீனாவுக்குத் தெரியும். பெட்டி இல்லாமல் கோழிகளை விட்டுவைக்க அவளால் முடியாது. முந்தைய இரண்டு பேட்ச்சும் சீக்கில் போய்விட்டன. இதுவும் போனால் இனிமேல் குஞ்சு இறக்க மாட்டோம் என்று, குஞ்சு கொடுத்து வளர்ந்ததும் எடுத்துக்கொள்ளும் கம்பெனியில் சொல்லியாயிற்று. குஞ்சு இறக்காவிட்டால் சுரேந்தர் மறுபடியும் மஸ்கட்டுக்குப் போய்விடுவான்.

தாலிக்கயிற்றின் மஞ்சள் வெளுப்பதற்குள்ளேயே ஒருமுறை போனவன் அவன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவர்கள் போனிலேயே குடித்தனம் நடத்தினார்கள். அவன் தங்கியிருந்த இடத்தில் சிக்னல் நிற்காது. பாதிப் பேச்சில் அறுந்துவிடும். மீதிப் பாதியை இவளே நிரப்பிக்கொள்வாள். "சாம்பார்ல இன்னிக்கு…" என்று அவன் ஆரம்பித்து லைன் போய்விட்டால், உப்பு அதிகமாகிவிட்டது என்று இவளுக்குத் தெரியும். மறுநாள் கேட்டால் அதுவேதான். "நீங்க பாதி சொன்னாப் போதுமுங்க, மீதியை நானே சொல்லிக்குவேன்" என்று பெருமையடித்துக்கொள்வாள்.

போன வருஷப் பொங்கலுக்கு அவன் திரும்பி வந்தான். மில் மிஷின்களின் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுது பார்க்க சூலூரில் ஒரு சின்னக் கடை வைத்தான். தோட்டத்தில் ஷெட்டையும் போட்டான். "இந்த பேட்ச் நல்லபடியாப் போகட்டும் அம்மணி. நரசிம்மலு அண்ணன்கிட்ட நான் வரலீன்னு சொல்லிப்போடறேன்" என்று அவள் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தான். நரசிம்மலு மஸ்கட்டில் அவனுக்கு வேலையைத் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டே இருப்பவர்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவன் போர்டுகளை வீட்டுக்கும் எடுத்து வருவான். பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சோல்டரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பான். அவள் மணிக்கட்டைத் தேவைக்கு அதிகமாகவே பிடித்துக்கொள்வான். "ஏனுங்க, பத்த வைக்கறது ஈயத்தைத்தானே?" என்பாள் அவள். மாமியார் அந்தப் பக்கம் வந்தால் இரண்டு பேரும் ரொம்ப அக்கறையாகப் போர்டைக் குனிந்து பார்ப்பார்கள். அப்படித்தான் அவள், போர்டில் குட்டி உருளையாக நிற்கும் கண்டென்சரில் மைனஸ் கோடு எது என்று படித்தாள். அப்படித்தான் ஒருநாள் கோவில் ஆம்ப்ளிஃபயர் ஒன்றில் அவன் ஆயிரம் மைக்ரோ அளவுள்ள கண்டென்சரைக் கழற்றிவிட்டு இரண்டாயிரத்து இருநூறு வைப்பதைப் பார்த்தாள். "ஏத்திப் போட்டா இரைச்சல் போயிரும்" என்றான் அப்போது. போயும் விட்டது.

பெட்டி கத்திய அன்று விடியுமுன்பே அவன் வெள்ளகோவிலில் ஒரு மில்லுக்கு வேலையாகப் போயிருந்தான். இரண்டு நாள் அங்கேயே தங்கல். அவள் போன் செய்தபோது மில் கேட்டில் நின்றுகொண்டிருந்தான்.

"சீக்கிரம் சொல்லு அம்மணி. உள்ள போன் கொண்டுபோக உடமாட்டாங்க. செக்யூரிட்டி அண்ணன் கைய நீட்டிட்டு நிக்கறாப்ல."

"பெட்டி சும்மாசும்மா கத்துதுங்க. அத்தை வயரைப் புடுங்கறேங்கறாங்க."

"புடுங்கிப்போடுவாங்க! திருப்புளி எடுத்து மூடியைக் கழட்டு. நீலக் கலர் ரிலே பக்கத்துல குட்டியா ஒரு கண்டென்சர் நிக்கும் பாரு. மண்டை உப்பியிருக்குதா?"

"கழட்டியே வெச்சிருக்கறனுங்க. நல்லா உப்பியிருக்குது. அத்தை சுட்ட பூரியாட்டம்."

"எங்கம்மா பூரி என்னிக்கு உப்புச்சு?" என்று சிரித்தான். "அது காஞ்சுபோச்சு அம்மணி. அதையக் கழட்டிப்போட்டு வேற வெச்சுரு. தகர டப்பால இருக்குது. மைனஸ் கோடு பாத்து வெய்யி. அதே நெம்பர் கெடைக்கலீன்னா ஏத்திப் போட்டுக்கோ. எறக்கி மட்டும் போட்றாத. இந்தாங்கண்ணா, குடுத்துட்டேன், குடுத்துட்டேன்…"

போன் நின்றது.

பிரவீனா தகர டப்பாவை மேஜைமேல் கவிழ்த்தாள். பழைய கண்டென்சரின் மேல் இருந்ததைப் படித்தாள்: பத்து மைக்ரோ, இருபத்தைந்து வோல்ட். அதே எண்ணில் டப்பாவில் ஒன்றும் இல்லை. பொருந்துகிற மாதிரி இரண்டு கிடைத்தன. ஒன்றில் பத்து மைக்ரோ, ஐம்பது வோல்ட் என்று இருந்தது. இன்னொன்றில் நூறு மைக்ரோ, இருபத்தைந்து வோல்ட்.

இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வோல்ட் என்றால் அவளுக்குப் பயம். ஷாக் அடிப்பது வோல்ட்தானே. இருபத்தைந்து என்று போட்ட இடத்தில் ஐம்பதைக் கொண்டுபோய் வைத்துப் போர்டு எரிந்துவிட்டால்? வோல்ட்டைத் தொடக் கூடாது, அது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தாள். ஆம்ப்ளிஃபயரில் அவன் ஏற்றியதும் மைக்ரோவைத்தான், கண்ணால் பார்த்திருக்கிறாள். கையிலும் ஐம்பது வோல்ட்காரன் சோளத்தட்டையின் நுனி மாதிரி ஒல்லியாக இருந்தான். நூறு மைக்ரோ கொஞ்சம் தடித்து, நம்பலாம் போல இருந்தது. ஏற்றிப் போடு என்றால் இதுதான். அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

கோடு பார்த்து வைத்து, ஈயத்தை உருக்கி, மீந்த கம்பிக் காலை வெட்டிவிட்டாள். சோதித்தும் பார்த்தாள். கரண்ட் போன மாதிரி ஆக்க, ஷெட்டிலிருந்து வரும் வயரைப் பெட்டியில் கழற்றி வைத்துவிட்டு எதிரே நின்றாள். அதற்குள் வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் கூப்பிட்டார். பழைய சிலிண்டரை உருட்டிக் கொடுத்து, புதியதில் சீல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அவருக்குத் தண்ணீர் கொடுத்து, அவர் மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசைப் பற்றிக் கேட்டுக்கொண்டு நின்றபோது உள்ளே சைரன் கேட்டது. "அடிச்சுருச்சு!" என்று குழந்தை மாதிரி ஓடினாள்.

சாயங்காலம் சோல்டர் பிடித்த பக்கத்தைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினாள். அவன் மில்லை விட்டு வெளியே வந்ததும் பதில் வந்தது: 'சூப்பர் அம்மணி. பொட்டு வெச்சாப்பல இருக்குது. அடிக்குதா?' 'அடிக்குதுங்க' என்று எழுதினாள். கீழே ஒரு பூவும் போட்டாள்.

அன்று முழுக்க லைன் எத்தனை மினுங்கியும் பெட்டி வாயைத் திறக்கவில்லை. "எம் மருமக கை வெச்சா அந்தச் சனியன்கூட அடங்குதே" என்று சாந்தாமணி பக்கத்துத் தோட்டத்துக்காரியிடம் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் உச்சி வெயிலில் இருவரும் ஹாலில் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. டி.வி.யில் ஏதோ நாடகம் ஓடியது. அதில் வந்த மாமியாரைச் சாந்தாமணி வாயார வைதுகொண்டிருந்தார். அந்த நேரம் முழுக்க ஷெட்டில் ஃபேன்கள் நின்றிருந்தன.

சைரன் அடித்தது. பிரவீனா முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். செருப்புக்கூடப் போடவில்லை. ஒரு நிமிஷம்தானே ஆகியிருக்கும், ஒரு நிமிஷம்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கொதிக்கும் மண்ணில் ஓடினாள். ஜெனரேட்டர் முதல் சாவியிலேயே கிளம்பியது. ஃபேன்கள் சுற்றத் தொடங்கின. அப்பாடா என்று மூச்சு விட்டுக்கொண்டே ஷெட்டின் கதவைத் திறந்தாள்.

அனல் முகத்தில் அறைந்தது. அதற்குப் பின்னால் சத்தமே இல்லை. எப்போதும் மழை பெய்கிற மாதிரி இரைச்சலாக இருக்கும் ஷெட். ஃபேன் ஓசையைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஃபேன் பக்கத்துச் சுவரோரம் கோழிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, அலகைத் திறந்தபடியே கிடந்தன. வெள்ளையாக, மேடு மேடாக. அவள் ஒன்றைத் தூக்கினாள். உடம்பு கொதித்தது. கழுத்து துவண்டது. அதைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றைத் தூக்கினாள். பிறகு இன்னொன்று. வாளித் தண்ணீரை அள்ளி அள்ளி எறிந்தாள். ஈரத் தட்டிகளின் பக்கம் மட்டும் கொஞ்சம் கோழிகள் இறக்கையை விரித்துக்கொண்டு மூச்சு வாங்கின. சாந்தாமணி கதவருகே வந்து நின்று, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

சுரேந்தர் வருவதற்கு முன்பே கம்பெனி சூப்பர்வைசர் பாலகோபால் வந்துவிட்டார். மரியாதையான மனிதர். ஷெட்டுக்குள் போய்விட்டு வெளியே வந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். சுரேந்தரின் பைக் வந்து நின்ற பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அலாரம் அடிச்சுதுங்களா?"

"அடிச்சுதுங்க. அடிச்ச ஒடனே ஓடியாந்தனுங்க" என்றாள் பிரவீனா.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. லைன்மேன் கரண்ட் நிறுத்துன நேரம் ஒண்ணு சொல்றாப்ல. உங்க அத்தை ஜெனரேட்டர் ஓடுன நேரம் வேற சொல்றாங்க. நடுவால காமணி நேரத்தக் காணோமுங்களே. கொஞ்சம் கண்ணசந்துட்டீங்களாட்ட இருக்குது. மனுசங்கதானே."

"அய்யோ, இல்லீங்க! அத்தையைக் கேளுங்க. அவரைக்கா அரிஞ்சுட்டு…"

"மாமியாரைக் கேட்டு நான் என்னங்க எழுதறது?" என்றார் அவர், வருத்தமாகவே.

சுரேந்தர் வீட்டுக்குள் போனான். அலாரப் பெட்டியின் மூடியைக் கழற்றினான். பின்னாலேயே வந்த பிரவீனா அவன் முகத்தைத்தான் பார்த்தாள். அவன் விரல் ரிலேவின் பக்கத்தில் போய் நின்றது. தலையைச் சாய்த்து, கண்டென்சரின் மேல் இருந்த எழுத்தைப் படித்தான். திரும்பவும் படித்தான். மூடியை மெதுவாக வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமலே வாசலுக்குப் போனான்.

"அவ தூங்கலீங்க சார். பெட்டி லேட்டா அடிச்சிருக்குது. நான் செஞ்ச பெட்டி. நேரத்தைத் தப்பா வெச்சுப்போட்டேன். அப்புடியே எழுதிக்குங்க."

"நீங்களே இப்புடிப் பண்ணுனா எப்புடீங்க சுரேந்தர்? ஊர் மில்லுக்கெல்லாம் போர்டு பாக்கறவரு."

"ஆமாங்க" என்றான்.

குழி வெட்ட ஜே.சி.பி. வந்தது. சுண்ணாம்பு மூட்டை வந்தது. பாலகோபால் கிளம்பும்போது, மிச்சத்தை வாரக் கடைசியில் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும் என்றார். அடுத்து எப்போது குஞ்சு இறக்குவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சுரேந்தர் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தான். பிரவீனா அவனருகில் போய் நின்றாள்.

"ஏனுங்க."

"உக்காரு அம்மணி."

"நேரத்தை நீங்க தப்பா வெக்கலீங்க. முந்தியெல்லாம் சரியாத்தானே அடிச்சுது. நான் மாத்துனதுக்குப் பொறவுதானே."

அவன் கீழே கிடந்த சோளத்தட்டைத் துண்டு ஒன்றை எடுத்தான்.

"நூறு மைக்ரோ வெச்சேனுங்க. நீங்கதானே ஏத்திப் போடச் சொன்னீங்க. ஏத்தித்தானே போட்டேன்?"

"ஏத்தித்தான் போட்டிருக்கறே."

"அப்பறம் என்னங்க தப்பு? சொல்லுங்க. எனக்குத் தெரியோணும்."

அவன் கையிலிருந்த சோளத்தட்டைத் துண்டை ஒடித்துக்கொண்டே இருந்தான். அதற்கு மேல் ஒடிக்க ஒன்றும் இல்லாதபோது சொன்னான்:

"நான் வோல்ட்டைச் சொன்னேன் அம்மணி."

அவளுக்கு முதலில் அது ஒரு சொல்லாகவே விழவில்லை.

"வோல்ட்டு எத்தனை ஏத்துனாலும் ஒண்ணுமாகாது. அது தாங்கற அளவு, அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயர்ல மைக்ரோவை ஏத்துனது கரண்டைத் தேக்கி வெக்கறதுக்கு. இது அப்புடியில்ல. இது நேரம் பாக்கற எடம். அது நெரம்பற வரைக்கும் பெட்டி காத்துட்டு இருக்கும். பத்துக்கு நூறு வெச்சா, ஒரு நிமிஷம் பத்து நிமிஷத்துக்கு மேல போயிரும்."

"ஐம்பது வோல்ட்டுல ஒண்ணு டப்பாவுல இருந்துச்சுங்க. பத்து மைக்ரோ." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "கையில எடுத்தேன். எடுத்துட்டு, வேண்டாம்னு திருப்பிப் போட்டேன்."

"உடு அம்மணி."

"உங்களுக்கு ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். போன் மில் கேட்டுல இருந்தா என்ன, மத்தியானம் சாப்புட வெளிய வருவீங்கல்ல, அப்பக் கேட்டிருக்கலாம். அத்தையை மத்தியானம் வரைக்கும் புடிச்சு நிறுத்தியிருக்க முடியாதா எனக்கு? எனக்குப் புரிஞ்சுதுன்னே நெனைச்சேனுங்க. துளிகூடச் சந்தேகம் வரலீங்க."

"நான் முழுசாச் சொல்லியிருக்கோணும். ஒரே ஒரு வார்த்தை. வோல்ட்டுன்னு சொல்றதுக்கு எத்தனை நேரம் ஆகும்? உனக்குத் தெரியும்னு உட்டுட்டேன்."

அவன் கத்தியிருந்தால் அவள் அழுதிருப்பாள். அழுதிருந்தால் அவன் கையைப் பிடித்திருப்பான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் தப்பை ஒருவர் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தார்கள். பிடுங்கி முடித்தபோதும் குழி அதே ஆழத்தில்தான் இருந்தது. ஜே.சி.பி. அதில் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. நரசிம்மலு. அவருக்குச் செய்தி எப்படியோ போயிருந்தது.

"கேள்விப்பட்டேன் தம்பி. மனசு உட்றாத" என்றார் அவர். ஸ்பீக்கரில் அவர் குரல் பெரிதாகக் கேட்டது. "இங்க எடம் அப்புடியேதான் இருக்குது. இந்த மாசமே ஏறி வந்துரு. இந்த வாட்டி மூணு வருசத்துக்கு எழுதிக்கறாங்க. என்ன, வாரயா?"

சுரேந்தர் பிரவீனாவைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று ஒரு தடவை தலையசைத்திருந்தாலும் அவன் பேச்சை நிறுத்தியிருப்பான். அது அவளுக்குத் தெரியும். ஆனால் நேற்றுவரை அவளிடம் இருந்த உரிமை அது. இன்றைக்கு எந்த வாயால் இருங்கள் என்று சொல்வது? இருந்து என்ன செய்வது?

"தங்கச்சி பக்கத்துல இருக்குதா? அதுகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கறேன். ஏம்மா, அனுப்பி வெப்பியா? அப்பறம் அண்ணனைத் திட்டக் கூடாது."

"வருவாங்கண்ணா" என்றாள் பிரவீனா. "நானே அனுப்பி வெக்கறேனுங்க."

சுரேந்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வெயில் தணிந்துகொண்டிருந்தது. சாந்தாமணி தீவன மூட்டையைப் பிரித்து ஒரு வாளியில் கொட்டிக்கொண்டு வந்து மருமகளின் முன்னால் வைத்தார். அவர் கண்கள் வீங்கியிருந்தன. குரல் மட்டும் எப்போதும் போலத்தான் இருந்தது.

"மிச்சமிருக்கறது காத்தாலருந்து பட்டினி கெடக்குது கண்ணு. வண்டி வர்ற வரைக்கும் அதுகளுக்குத் தீனி வெக்கோணுமல்ல. நான் உள்ள போமாட்டேன். எனக்கு ஆகாது. நீ போ."

பிரவீனா வாளியை எடுத்துக்கொண்டு போனாள். ஷெட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அவ்வளவு நீளமான ஷெட் என்பது அது நிறைந்திருந்தபோது தெரியவில்லை. தூரத்துக் கோடியில், ஈரத் தட்டிகளின் பக்கம், கொஞ்சம் வெள்ளை அசைந்தது. அவள் காலடிச் சத்தம் கேட்டதும் அவை தலையைத் தூக்கின. ஒன்று எழுந்தது. பிறகு எல்லாம் எழுந்தன. காலியான தரை முழுவதையும் கடந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, அவளை நோக்கி ஓடி வந்தன. வந்து அவள் பாதங்களைச் சுற்றிக்கொண்டு, கழுத்தை நீட்டி, அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றன.

அவளால் கையை வாளிக்குள் விட முடியவில்லை.